மீன் டின் ஸ்டேர்லிங் எஞ்சின்: சூடேறச் சூடேற நின்றுபோகுது

உவர்மலைத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறன். பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு ஸ்டேர்லிங் சூட்டுக்காற்று எஞ்சின் செய்திருக்கிறன். ஓடுது, ஆனால் நிலைச்சு ஓடுதில்லை.

சூட்டுப் பக்கம் 425 கிராம் மீன் டின். உள் விட்டம் 73 மி.மீ., உயரம் 110 மி.மீ. அடிப்பக்கத்தை அப்படியே விட்டு, மேல்பக்கத்தை வெட்டி அலுமினியத் தகடு ஒன்றை எபொக்சியால் ஒட்டியிருக்கிறன். டிஸ்பிளேசர், அதாவது டின்னுக்குள் ஏறி இறங்கிக் காற்றைச் சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் மாறி மாறித் தள்ளுகிற உருளை, சோடா டின்னில் செய்தது: விட்டம் 66, உயரம் 70, ஏறி இறங்குவது 30 மி.மீ. அதின்ர றொட் 2 மி.மீ. சைக்கிள் கம்பி. தகட்டுக்கு நடுவில் ஒரு பித்தளைக் குழாய்க்குள்ளால் மேலே வருது. பவர் பிஸ்டன் 20 மில்லிலீற்றர் கண்ணாடிச் சிரிஞ்ச், உள் விட்டம் 20, ஓட்டம் 25 மி.மீ. ஏறி இறங்குகிறதைச் சுற்றாக மாற்றுகிற கிறாங்க்கும் சைக்கிள் கம்பிதான். பிளைவீலுக்கு இரண்டு சீடி. கீழே ஸ்பிரிட் விளக்கு.

விளக்கை வைத்துக் கொஞ்ச நேரத்தில் தட்டிவிட்டால் நல்லாகத்தான் ஓடத் தொடங்குது. ஒன்றிரண்டு நிமிடத்தில் வேகம் குறைந்து நிற்குது. பிறகு எத்தனை தரம் தட்டிவிட்டாலும் ஆறேழு சுற்றுத்தான். விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனால் முந்தியதை விடக் கெதியாக நிற்குது. விளக்கு காணாது என்று நண்பர்கள் சொல்லுகினம். இரண்டாவது விளக்கு வைக்கட்டா?

மூதூர் மெக்கானிக்:

தம்பி, ரெண்டாவது விளக்கு வேணாம். நான் போட் எஞ்சின் பாக்கிற ஆள், இந்த வகை எஞ்சின் கழட்டினதில்ல. ஆனா ஓடவே மாட்டன் எண்டு நிக்கிற எஞ்சினும், ஓடி நிக்கிற எஞ்சினும் ரெண்டு வேற நோய். உங்கட எஞ்சின் ஓடிப்போட்டு நிக்குது. அப்ப சாமான் எல்லாம் சரியான இடத்திலதான் இருக்கு. ஓடும்போது ஏதோ ஒண்டு மாறுது. அது என்னெண்டு பிடிக்கணும்.

நிண்ட உடனே மேல் தகட்டில கை வைச்சுப் பாத்தீங்களா? என்ன சூடு? சிரிஞ்சுக்குள்ள எண்ணெய் ஏதாவது விட்டிருக்கா?

கடைசல் பட்டறை:

மெக்கானிக் தம்பி கேட்டது சரியான கேள்வி. அதுக்குப் பதில் வரட்டும். அதுக்கிடையில, நெருப்பே இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளைச் சொல்லுறன். நெருப்பு மூட்டின பிறகு எல்லாக் குறையும் ஒன்றாகக் கலந்து நிற்கும், எது எது என்று பிரிச்சு அறிய ஏலாது. ஆனபடியால் குளிர்ந்த எஞ்சினில தொடங்குங்கோ.

முதலாவது உராய்வு. சிரிஞ்சின் றொட்டைக் கிறாங்க்கில இருந்து கழட்டுங்கோ. டிஸ்பிளேசர் மட்டும் பூட்டின நிலையில பிளைவீலைச் சுண்டிவிடுங்கோ. நிறையச் சுற்றுச் சுற்றி, மெல்ல மெல்லக் குறைஞ்சு நிற்க வேணும். வெடுக்கென்று நின்றால் எங்கேயோ உரசுது. நிற்கிற இடத்தையும் கவனியுங்கோ. எப்ப விட்டாலும் டிஸ்பிளேசர் கீழே வந்த இடத்திலேயே நின்றால், டிஸ்பிளேசரின் பாரம் பிளைவீலை இழுக்குது. கிறாங்க் ஊசிக்கு நேர் எதிர்ப்பக்கம் சீடியில ஒரு சின்ன நட்டை ஒட்டிப் பாருங்கோ. எந்த இடத்திலயும் நிற்கிற மாதிரி வந்தால் பாரம் சரி.

இரண்டாவது கோணம். டிஸ்பிளேசர் உச்சிக்கு வந்து கால் சுற்றுப் போன பிறகு பவர் பிஸ்டன் உச்சிக்கு வரவேணும். டிஸ்பிளேசர் மேலே நிற்கும்போது காற்று முழுக்க அடியில, சூட்டுப் பக்கத்தில நிற்கும். அப்ப அழுத்தம் கூடிப் பிஸ்டனைத் தள்ளும். நீங்கள் தட்டிவிடுகிற பக்கத்துக்கு இந்த ஒழுங்கு வருதா என்று கையால மெல்லச் சுற்றிப் பாருங்கோ. எதிர்ப்பக்கம் சுற்றினால் எவ்வளவு சூடாக்கினாலும் ஓடாது.

மூன்றாவது காற்றுக் கசிவு. இங்கேதான் கன பேர் தோற்கிறது. சவர்க்காரத் தண்ணியைத் தூரிகையால மூட்டுகள் எல்லாவற்றிலயும் பூசுங்கோ, சிரிஞ்ச் குழாய்ப் பக்கத்தால மெல்ல ஊதுங்கோ. குமிழி வருகிற இடம் கசிவு. அடி மூட்டையும் விடவேண்டாம்.

டிஸ்பிளேசர் றொட் போகிற பித்தளைக் குழாய்க்கு ஒரு தனிக் கதை இருக்கு. றொட்டுக்கும் குழாய்க்கும் இடையில உள்ள இடைவெளி பாதியானால் கசிவு எட்டில் ஒன்றாகக் குறையும். குழாயின் நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் கசிவு பாதியாகத்தான் குறையும். ஆனபடியால் நீளத்தைக் கூட்டுகிறதை விடப் பொருத்தத்தைத் திருத்துங்கோ. றொட்டை விளக்குக்கு முன்னால பிடிச்சு உருட்டிப் பாருங்கோ. சைக்கிள் கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவு வளைஞ்சிருக்கும். அந்த வளைவுதான் குழாயை அகலமாக்கச் சொல்லிக் கேட்கும்.

உவர்மலைத் தம்பி:

அண்ணர், மிச்சம் நன்றி. சொன்ன ஒழுங்கிலேயே பார்த்தன்.

சுண்டிவிட்டால் நல்லாகச் சுற்றுது. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி எப்பவும் டிஸ்பிளேசர் கீழே வந்துதான் நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு நட்டு ஒட்டின பிறகு அது சரி. கோணம் சரியாக இருக்கு. சவர்க்காரத் தண்ணி பூசி ஊதினால் எங்கேயும் குமிழி இல்லை, அடி மூட்டிலயும் இல்லை.

மெக்கானிக் அண்ணை, மேல் தகட்டில கையே வைக்க ஏலாது. ஒரு சொட்டுத் தண்ணி விட்டன், உடனே சீறிக்கொண்டு போச்சுது. சிரிஞ்சுக்குள்ள தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம் விட்டிருக்கிறன்.

பௌதிக ரீச்சர்:

தண்ணீர் சீறிப் போனது என்றால் மேல் தகடு 100 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கிறது. அது குளிர்ப் பக்கமாக இருக்க வேண்டிய தகடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டின்னின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 460 கன சென்ரிமீற்றர். டிஸ்பிளேசர் 240ஐப் பிடித்துக்கொள்கிறது. மீதி 220 கன சென்ரிமீற்றர் காற்று. சிரிஞ்ச் அசைப்பது 8 கன சென்ரிமீற்றர். ஆகவே அமுக்க விகிதம், அதாவது காற்றின் கூடிய கொள்ளளவைக் குறைந்த கொள்ளளவால் வகுத்தால் வருவது, 1.036. சாகிரெப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஐவோ கோலின் தந்த கைக்கணக்கு ஒன்று உண்டு: இரு பக்க வெப்பநிலை வேறுபாட்டை 1100ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் பொருத்தமான விகிதம் வரும். உங்கள் 1.036 இந்தக் கணக்கில் 40 பாகை வேறுபாட்டுக்கு உரியது. அடியில் ஸ்பிரிட் விளக்கு எரியும்போது 200 பாகைக்கு மேல் வேறுபாடு கிடைக்க வேண்டும். அதாவது உங்கள் எஞ்சின் தாராளமாக ஓடவேண்டிய எஞ்சின். அளவுகளில் குற்றம் இல்லை.

பிறகு ஏன் நிற்கிறது? அடி 300 பாகை, மேல் 35 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் 573, 308. வெப்பத்தில் வேலையாக மாற்றக்கூடிய உச்சப் பங்கு 46 சதவீதம். அடி அதே 300, மேல் தகடு 150 பாகைக்கு ஏறிவிட்டால் அந்தப் பங்கு 26 சதவீதம். இவை இரண்டும் எட்ட முடியாத உச்சங்கள்தான், ஆனால் விழுந்த அளவைப் பாருங்கள். விளக்கைக் கிட்டக் கொண்டுபோனபோது அடி கொஞ்சம் ஏறியிருக்கும், டின் சுவர் வழியாகவும் காற்று வழியாகவும் மேல் தகடும் சேர்ந்து ஏறியிருக்கும். வெப்பம் உள்ளே போவதற்கு வழி செய்திருக்கிறீர்கள், வெளியேறுவதற்கு வழி செய்யவில்லை.

குளிரான நாடுகளில் செய்தவர்கள் போடும் வீடியோக்களில் வெறும் தகடு போதுமாக இருக்கிறது. அங்கே காற்றே குளிர். இங்கே திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிழலிலேயே 35, 36. வெறும் தகட்டை நம்பினால் இங்கே சரிவராது, தண்ணீர் வேண்டும்.

இன்னொன்று. டிஸ்பிளேசரைச் சுற்றி 3.5 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறீர்கள். அந்த வளையத்துக்குள் மட்டும் 53 கன சென்ரிமீற்றர் காற்று சும்மா நிற்கிறது. 1.5 மி.மீ. ஆக்கினால் அது 24 ஆகக் குறையும். இடைவெளி ஒடுங்கினால் மேலும் கீழும் போகும் காற்று சுவரோடு ஒட்டிப் போகும், போகும் வழியில் சூட்டை விட்டும் வரும் வழியில் எடுத்தும் செல்லும். 1816இல் ரொபேர்ட் ஸ்டேர்லிங் பெற்ற காப்புரிமையின் உயிரே இந்த வெப்பச் சேமிப்புத்தான். சின்ன எஞ்சினில் தனியாக ஒரு பகுதி செய்யாமல் இந்த ஒடுங்கிய வளையமே அந்த வேலையைச் செய்யும்.

மூதூர் மெக்கானிக்:

ரீச்சர் சொன்னது அப்படியே அவுட்போட் எஞ்சின் கதை. கடல் தண்ணி இழுக்கிற பம்ப் அடைச்சிட்டா எஞ்சினுக்கு வேற ஒரு குறையும் வேணாம்.

தம்பி, அந்த எண்ணெயை முதல்ல துடைச்சு எடுங்க. கண்ணாடிச் சிரிஞ்சுக்கு எண்ணெய் விட்டா பிஸ்டன் ஒட்டிக்கொண்டு இழுக்கும். உங்கட எஞ்சின்ட பலம் அந்த இழுவைக்கே போயிடும்.

கடைசல் பட்டறை:

ஓம், எண்ணெய் கூடாது. ஸ்பிரிட்டால கழுவி, நல்லாகக் காயவிட்டு, காரீயத் தூள், பென்சிலுக்குள்ள இருக்கிற கிராஃபைட், துளியளவு தொட்டுத் தேய்ச்சுவிடுங்கோ, காணும். எங்கட நாட்டுக் காரீயம், போகல, கஹட்டகஹ சுரங்கங்களில எடுக்கிறது, உலகத்திலேயே தூய்மையான வகை. தூள் கிடைக்காட்டி மெத்தென்ற பென்சில், 6பி மாதிரி, அதைச் சுரண்டி எடுக்கலாம். கடும் பென்சில் வேண்டாம், அதில களிமண் கூட.

சிரிஞ்சின் உள் தண்டிலயும் வெளிக் குழலிலயும் ஒரே இலக்கம் பொறிச்சிருக்கா என்றும் பாருங்கோ. பழைய கண்ணாடிச் சிரிஞ்சுகள் சோடி சோடியாக அரைச்சுப் பொருத்தினவை. சோடி மாறினால் ஒன்றில் இறுகும், இல்லாட்டிக் கசியும். பிளாஸ்ரிக் சிரிஞ்ச் பக்கமே போகவேண்டாம், அதின்ர றப்பர் பிடிக்கிற பிடி இந்த எஞ்சினுக்கு ஆகாது.

சாம்பல்தீவு:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 2022இல் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில் இருந்து எனக்கு இந்த எஞ்சினில் ஆசை. சிரட்டை இங்கே குவிந்து கிடக்கிறது. சிரட்டைக் கரி அடுப்பில் இதை வைத்து ஃபோன் சார்ஜ் பண்ண முடியுமா? டின்னுக்குள் ஸ்டீல் வூல் அடைத்தால் பலம் கூடும் என்றும் ஓரிடத்தில் வாசித்தேன்.

பௌதிக ரீச்சர்:

சாம்பல்தீவு அவர்களுக்கு: வில்லியம் பீல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் பல ஸ்டேர்லிங் எஞ்சின்களை வைத்துக் கண்ட ஒரு கைக்கணக்கு உண்டு. பிஸ்டன் அசைக்கும் கொள்ளளவையும், உள்ளே உள்ள சராசரி அழுத்தத்தையும், செக்கனுக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கி 0.15ஆல் பெருக்கினால் வாற்றில் வலு வரும். தம்பியின் சிரிஞ்ச் 8 கன சென்ரிமீற்றர், அழுத்தம் சாதாரண வளிமண்டல அழுத்தம், செக்கனுக்கு 5 சுற்று என்று எடுத்தால் 0.6 வாற்று. அதுவும் சூட்டுப் பக்கம் செஞ்சூடாக இருக்கும் நல்ல தயாரிப்பு எஞ்சின்களுக்கான கணக்கு. மீன் டின்னில் அதன் ஒரு சிறு பங்குதான் கையில் வரும். ஃபோனுக்குக் குறைந்தது 5 வாற்று வேண்டும். சின்ன எல்ஈடி ஒன்றை எரிக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வலு கூட வேண்டும் என்றால் உள்ளே காற்றை அழுத்தி அடைக்க வேண்டும். ஒல்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் செய்த சிறிய ஜெனரேற்றர் அப்படித்தான் 200 வாற்று அளவுக்குத் தந்தது. அதற்கு உறுதியான வார்ப்பும் துல்லியமான கடைசலும் வேண்டும். டின்னிலும் போத்தலிலும் அழுத்தக் காற்றை அடைத்து நெருப்பில் வைப்பது உயிராபத்து. தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்.

ஸ்டீல் வூல் பற்றி: டிஸ்பிளேசரையே ஸ்டீல் வூலால் செய்பவர்கள் இருக்கிறார்கள், அது ஓடும். ஆனால் ஏற்கனவே டிஸ்பிளேசர் இருக்கும் டின்னில் மேலதிகமாக அடைத்தால் காற்றின் ஓட்டம் தடைப்படும், உரசலும் வரும். தம்பியின் எஞ்சினுக்கு அது வேண்டியதில்லை.

உவர்மலைத் தம்பி:

சிரிஞ்சைக் கழுவிக் காரீயம் போட்டன். பிஸ்டன் தன்ர பாரத்திலேயே வழுக்கி இறங்குது, வாயை விரலால் அடைச்சால் அப்படியே நிற்குது. ஒரு பெரிய போத்தலின் நடுத்துண்டை வெட்டி டின்னின் மேல் பாதியைச் சுற்றி ஒட்டித் தண்ணி விட்டன். இப்ப முந்தியதை விடக் கூட நேரம் ஓடுது. ஆனாலும் கடைசியில நிற்குது. தண்ணி இளஞ்சூடுதான், மேல் தகட்டில கை வைக்கலாம். அப்ப குளிர்ப் பக்கம் சரிதானே?

இன்னொன்று கவனிச்சன். நின்ற பிறகு சிரிஞ்ச் றொட்டைக் கழட்டி, டிஸ்பிளேசரைக் கையால மேலே தூக்கினால் பிஸ்டன் எழும்பி, உடனே மெல்ல மெல்ல இறங்குது. விளக்கு வைச்ச புதிதில் அப்படி இல்லை, எழும்பினால் எழும்பின இடத்தில நிற்கும்.

கடைசல் பட்டறை:

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதின வரிதான் விடை. எழும்பின பிஸ்டன் இறங்குது என்றால் காற்று வெளியே போகுது. குளிர்ந்திருக்கும்போது குமிழி வரவில்லை, சூடானால் கசியுது. அப்ப கசிவு சூட்டுப் பக்கத்தில.

மீன் டின்னின் அடியைத் திருப்பிப் பாருங்கோ. அடித்தட்டைத் தனியாக வைத்து விளிம்பை மடிச்சு நெரிச்சிருக்கும். அந்த மடிப்புக்குள்ள காற்றுப் போகாமல் இருக்க றப்பர் மாதிரி ஒரு பசை பூசித்தான் டின் அடைப்பார்கள். மீனுக்கு அது போதும், நெருப்புக்கு அல்ல. விளக்குச் சூட்டில அந்தப் பசை கருகிப் போகும். முதல் தரம் எரிக்கும்போது ஒரு மணம் வந்திருக்குமே, உள்பூச்சும் இந்தப் பசையும் எரிந்த மணம் அது. பிறகு ஆறவிட்டுச் சவர்க்காரத் தண்ணி பூசினாலும் மடிப்பு மீண்டும் இறுகி நிற்கும், குமிழி காட்டாது. நல்லாகச் சூடாக்கி, விளக்கை எடுத்து, தண்ணி தொட்டால் சீறாத அளவுக்கு மட்டும் ஆறவிட்டு, அடி மடிப்பில உடனே பூசிப் பாருங்கோ.

ஈயம் உருக்கி ஒட்டலாமா என்று கேட்கப் போறீங்கள். வேண்டாம். சாதாரண ஈயப்பற்று 183 பாகையில உருகிவிடும். எபொக்சி அதுக்கும் முதலே விட்டுவிடும். ஈயமும் எபொக்சியும் குளிர்ப் பக்கத்துக்கு மட்டும்தான்.

சூட்டுப் பக்கத்துக்கு மூட்டே இல்லாத பாத்திரம் எடுங்கோ: எவசில்வர் பேணி. ஒரே தகட்டை அமுக்கி இழுத்துச் செய்தது, அடியில ஒட்டு இல்லை. கடையில வாங்கும்போது வாயும் அடியும் ஒரே விட்டமாக இருக்கிறதைத் தேடி எடுக்கவேணும். கன பேணிகள் அடியில ஒடுங்கியிருக்கும், அது சரிவராது. எவசில்வருக்கு இன்னொரு நன்மையும் இருக்கு. அலுமினியத்தோட பார்த்தால் அது சூட்டைக் கடத்துகிறது மிகக் குறைவு, பதினைந்தில் ஒரு பங்கு அளவுதான். அடியில வைச்ச சூடு சுவர் வழியாக மேலே அவ்வளவாக ஏறாது.

இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ஸ்டேர்லிங் சகோதரர்கள் ஸ்கொட்லாந்தில டண்டி வார்ப்பாலையில 1843இல ஒரு பெரிய எஞ்சினைப் பூட்டி ஓட்டினார்கள். நீராவியை விட விறகுச் செலவு, மன்னிக்கவும், நிலக்கரிச் செலவு குறைவு. ஆனால் அந்தக் காலத்து வார்ப்பிரும்பு சூட்டுப் பக்கத்தில தாக்குப்பிடிக்கவில்லை. சூட்டுச் சிலிண்டர் திரும்பத் திரும்பப் பழுதாகி 1847இல நீராவிக்கே மாற வேண்டி வந்தது. தத்துவத்தில பிழையில்லை, உலோகம்தான் போதாமல் போனது. இன்றைக்கு எங்கட குசினியில அந்த உலோகம் கிடக்கு.

பௌதிக ரீச்சர்:

கடைசல் பட்டறை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். «தண்ணி இளஞ்சூடுதான்» என்கிறீர்கள், சிறிது நேர ஓட்டத்துக்கு அது சரி. கண்காட்சியில் நாள் முழுக்க ஓட வேண்டும். போத்தல் துண்டில் 200 மில்லிலீற்றர் தண்ணீர் பிடிக்கும் என்று வைப்போம். விளக்கிலிருந்து 50 வாற்று தண்ணீருக்கு வந்து சேர்ந்தால், நிமிடத்துக்கு மூன்றரைப் பாகை ஏறும். பத்து நிமிடத்தில் 35 பாகை ஏறிவிடும். வெளியே ஒரு பெரிய போத்தலை வைத்து, மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய் பூட்டுங்கள். சூடான தண்ணீர் மேல் குழாயால் போய், ஆறின தண்ணீர் கீழ்க் குழாயால் தானாக வரும். பம்ப் தேவையில்லை. மேல் குழாய் எப்போதும் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் அறுந்துவிடும்.

வெளிப்போத்தலைச் சுற்றி ஈரத்துணி சுற்றலாம். கச்சான் உலர்ந்த காற்று, துணியில் உள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும், தண்ணீர் சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வாடைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் துணியால் அவ்வளவு பயன் இல்லை, ஆனால் அப்போது காற்றின் வெப்பநிலையே குறைவு.

கடல் தண்ணீரை மட்டும் பாவிக்க வேண்டாம். அலுமினியத் தகடு அரித்துப்போகும்.

திருக்கடலூர் வாடி:

இதை வாசித்துக்கொண்டு போக எனக்கு ஒரு கேள்வி வந்தது. நெருப்பே இல்லாமல் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரில் ஓட்ட முடியுமா? அங்கே தண்ணீர் எந்நேரமும் சூடாகத்தானே இருக்கு. எங்கட வாடியில் மீனுக்கு அடிக்கிற ஐஸ் எவ்வளவும் இருக்கு.

பௌதிக ரீச்சர்:

மிக நல்ல கேள்வி, விரிவாகவே எழுதுகிறேன்.

கன்னியாவின் ஏழு கிணறுகளும் கை பொறுக்கும் சூடுதான், 40 பாகையை ஒட்டியது. மறுபக்கம் வெறும் காற்று என்றால் இங்கே 30 பாகை. வேறுபாடு பத்து. உச்சப் பங்கு 3 சதவீதம். கோலினின் கணக்குப்படி விகிதம் 1.009, அதாவது உள்ளே இருக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கைத்தான் பிஸ்டன் அசைக்கலாம். உராய்வு கொஞ்சம் கூடினாலும் நின்றுவிடும். ஆனால் மேல் தகட்டில் உங்கள் ஐஸை வைத்தால் வேறுபாடு 40. தாராளமாக ஓடும்.

ஆனால் அதற்குத் தம்பியின் டின் உதவாது. குறைந்த வேறுபாட்டு எஞ்சினுக்கு உயரம் வேண்டாம், அகலம்தான் வேண்டும். சாப்பாட்டுத் தட்டளவு அகலத்தில் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் சூடு கடத்தாத வளையம், உள்ளே றெஜிஃபோம் டிஸ்பிளேசர். கோலின் 1983இல் டுப்ரோவ்னிக் நகரில் இப்படி ஒன்றை வெந்நீரில் ஓட்டிக் காட்டினார். பிறகு ஜேம்ஸ் செனஃப்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதைத் திருத்தித் திருத்தி அரைப் பாகை வேறுபாட்டிலும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். உள்ளங்கைச் சூட்டில் ஓடுபவை அந்த வழியில் வந்தவைதான்.

கன்னியா, இறந்தவர்களுக்காக அந்தியேட்டிக் கிரியை செய்ய வருபவர்களின் இடமும் கூட. கருவிகளோடு அங்கே போய் நிற்க வேண்டாம் என்பது என் விருப்பம். வீட்டிலேயே தண்ணீரை 40 பாகைக்குக் கொண்டுவந்து, மேலே ஐஸ் வைத்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சினுக்குத் தெரிவது வெப்பநிலை மட்டும்தான். அதையே திருப்பி, ஐஸை அடியிலும் வெந்நீரை மேலேயும் வைத்தால் அதே எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான விஷயம்.

சாம்பல்தீவு:

ரீச்சர், கணக்கோடு சொன்னதற்கு நன்றி. ஃபோன் ஆசையை விட்டுவிட்டு எல்ஈடியில் தொடங்குகிறேன்.

உவர்மலைத் தம்பி:

ஓடுது! நிற்காமல் ஓடுது!

சூடாக இருக்கும்போது பூசிப் பார்த்தன், அடி மடிப்பைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழி. பிறகு நேர்ச் சுவர் உள்ள எவசில்வர் பேணி ஒன்று தேடி எடுத்து, 70 மி.மீ. உள் விட்டம், அதுக்கு 67 மி.மீ. டிஸ்பிளேசரை மெல்லிய தகட்டில் செய்தன். தண்ணிப் போத்தலும் இரண்டு குழாயும் ரீச்சர் சொன்ன மாதிரியே. விளக்கின் திரியைப் பாதியாகக் குறைச்சாலும் ஓடுது.

இப்ப ஒரு குறைதான். வேகம் பிடிச்சதும் «டக் டக்» என்று ஒரு சத்தம். டிஸ்பிளேசர் அடியில இடிக்குதோ தெரியவில்லை.

கடைசல் பட்டறை:

சந்தோஷம் தம்பி. பிளைவீலைக் கையால மெல்லச் சுற்றிக்கொண்டு, டிஸ்பிளேசர் றொட்டை விரலால தொட்டுக்கொண்டிருங்கோ. அடியில இடித்தால் விரலுக்குத் தெரியும். கையால சுற்றும்போது இடிக்காமல், வேகத்தில மட்டும் சத்தம் வந்தால் அது கிறாங்க் ஊசி. றொட்டின் ஓட்டை அகன்று, திசை மாறுகிற ஒவ்வொரு தரமும் அடிக்குது. கம்பியை வளைச்சுச் செய்த கண்ணில இது வரும். ஊசியில பொருந்துகிற சின்னப் பித்தளைக் குழாய்த் துண்டொன்றை அந்தக் கண்ணுக்குள்ள ஈயத்தால பற்றுங்கோ, அது குளிர்ந்த இடம், ஈயம் நிற்கும். பெயாரிங் போட்டிருந்தால் உள்ளிருக்கிற கிறீஸை மண்ணெண்ணெயில கழுவி எடுத்துவிட்டு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கோ. உப்புக் காற்று, எண்ணெயே இல்லாமல் விட்டால் கறள் பிடிச்சிடும்.

மூதூர் மெக்கானிக்:

தம்பி, ஸ்பிரிட் நெருப்பு பகல் வெளிச்சத்தில கண்ணுக்கே தெரியாது. விளக்கு அணைஞ்சிட்டு எண்டு நினைச்சு ஸ்பிரிட் ஊத்தப் போனா போத்தலோட பிடிச்சிடும். ஊத்திறதுக்கு முன்னால மூடியைப் போட்டு அணைச்சு, ஆறவிடுங்க. சின்னப் பிள்ளைகள் கிட்ட வர ஏலாத மாதிரி மேசைக்கு முன்னால ஒரு மறைப்பும் வைங்க.

பௌதிக ரீச்சர்:

கண்காட்சிக்கு ஒரு யோசனை. நீங்களே கண்டுபிடித்ததை வருகிறவர்களுக்குக் காட்டுங்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒரு வெப்பமானியை வையுங்கள். விளக்கைத் தொடாமல், முதலில் சாதாரணத் தண்ணீரில் ஓடவிட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பிறகு அதே போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றினால் வேகம் விழும். ஐஸ் போட்டால் ஏறும். மூன்று எண்களையும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். நெருப்பு ஒரே நெருப்பு என்பதைப் பார்ப்பவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஐஸைப் போத்தலுக்குள் மட்டும் போடுங்கள். சூடாக இருக்கும் மேல் தகட்டில் நேரே வைத்தால் எபொக்சி வெடித்துவிடும்.